மூன்றாவது கேள்வி

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். வந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் விடவில்லை.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களிடமிருந்து தினமும் கடிதங்கள் வரும். இன்ன குழந்தைக்கு வீட்டில் நிலைமை சரியில்லை, பாருங்கள் என்று. களப்பணியாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவார். அதைப் படித்துவிட்டு டீச்சர் முடிவு சொல்ல வேண்டும். கோப்பை மூடிவிடலாம். இல்லையென்றால், பெற்றவர்கள் சம்மதத்தோடு ஒரு திட்டம் போட்டு உதவி செய்யலாம். அதுவும் போதாது என்றால் விசாரணைக் குழுவுக்கு அனுப்பலாம். அங்கே மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் போடும் உத்தரவை யாரும் மீற முடியாது. குழந்தையை வீட்டிலிருந்து எடுக்கும் அதிகாரமும் அவர்களுக்குத்தான்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் இருக்கும். குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறதா? இனியும் நேர வாய்ப்பு உண்டா? கட்டாய உத்தரவு இல்லாமலே இதைச் சரிசெய்ய முடியுமா? மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்று எழுதிவிட்டால் விசாரணை கிடையாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் கேள்வியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். டீச்சருக்கு மூன்றாவதைக் கண்டால்தான் பயம்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு வீட்டுக் குழந்தைகள் மூன்று பேரை அவள் விசாரணைக்கு அனுப்பினாள். குழு அவர்களை வீட்டிலிருந்து எடுக்கச் சொன்னது. மூன்று பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரே விடுதியில் இடம் இல்லை. ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். நடுவில் பிறந்த பெண் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மாதம் தவறாமல் விடுதியிலிருந்து அறிக்கை வரும்: சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேசவில்லை. அந்த அறிக்கையைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி யார் கையிலும் கொடுக்க டீச்சருக்கு மனசு வராது. தானே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரியவளின் கோப்பு வந்தது.

பெரியவள் என்றால் ஒன்பது வயது. அவளுக்குப் பின்னால் ஒரு தங்கை, இரண்டு வயது நிரம்பி நாலு மாசம். அம்மா அந்த இரண்டு பேரையும் பெரியவ, சின்னவ என்றே சொல்வாள். கேட்டுக் கேட்டுக் கோப்பைப் படித்தவர்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

வகுப்பு ஆசிரியை எழுதிய கடிதம் இரண்டே பத்திதான். இந்தப் பெண் கடைசி வகுப்பில் ஒரு நாளும் உட்காருவதில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். பிடித்து வைத்தால் அழுகிறாள். முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்பு இருக்கிறது, கேட்டால் சமைத்தேன் என்கிறாள்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்தது களப்பணியாளர் அக்கா. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது அவளுக்கு. முழங்கால் வலி வேறு. இரண்டு மாடி ஏறி வந்து டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து ஐந்து நிமிஷம் மூச்சு வாங்கினாள்.

"டீச்சர், என் சர்வீஸ்ல எத்தனையோ வீடு பார்த்தாச்சு. குடிகாரன் வீடு, அடிக்கிறவன் வீடு, கதவைத் திறக்காம நாயை அவிழ்த்துவிடற வீடு. இது அதெல்லாம் இல்லை. வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. பிள்ளைங்க துணியைப் பார்த்தா நமக்கே வெட்கமா இருக்கு, அவ்வளவு வெளுப்பு."

"வெளுக்காம என்ன? ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுலதானே வேலை?"

"அதைத்தான் சொல்ல வரேன். மத்தியானம் ரெண்டு மணி ஷிஃப்ட். ஒன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். வர்றப்போ ராத்திரி பத்தரை. புருஷன் விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம், எங்க இருக்கான்னே தெரியாது. எதிர் வீட்டு அம்மா சின்னவளைப் பார்த்துட்டிருந்தாங்க, அவங்களும் மகனோட போய்ட்டாங்க. இப்ப ஒன்றரைக்குச் சின்னவளைத் தூங்கவச்சுட்டு, வெளியில பூட்டிட்டுப் போறா. பெரியவ ரெண்டரைக்கு வகுப்பை விட்டு ஓடிவந்து கதவைத் திறக்கிறா. அப்புறம் பத்தரை வரைக்கும் அந்த ஒன்பது வயசுதான் அம்மா."

"காலை ஷிஃப்ட் கேட்கலையா?"

"மூணு தடவை கேட்டாச்சாம். அதெல்லாம் சீனியர்களுக்குத்தானாம்." அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "பொய்யே பேசத் தெரியலை டீச்சர் அவளுக்கு. பூட்டிட்டா போறீங்கன்னு கேட்டேன். ஆமாங்கன்னுட்டா."

டீச்சர் படிவத்தைத் திருப்பினாள். தீங்கு நேர்ந்திருக்கிறதா? கையில் தழும்பு இருக்கிறது, ஆம். இனியும் நேருமா? ஒன்றரையிலிருந்து பெரியவள் வந்து சேரும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு வயதுக் குழந்தை பூட்டின வீட்டுக்குள் தனியாக இருக்கிறது, ஆம். மூன்றாவது கேள்விக்கு வந்து பேனா நின்றது.

"சம்மதிப்பாங்களா?"

"எதைச் சொன்னாலும் சம்மதிப்பா. கையெழுத்து எங்கன்னுதான் கேட்பா."

அங்கேதான் சிக்கலே. சம்மதிக்கிற தாய்க்குக் கட்டாய உத்தரவு எதற்கு? சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அம்மாக்கள் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்கக் காப்பகத்தில் இடம் கிடைப்பது வேறு கணக்கு. விசாரணைக் குழுவின் உத்தரவு இருந்தால் ஒரு வாரத்துக்குள் இடம் கொடுத்தே ஆக வேண்டும். உத்தரவு இல்லாதவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அப்போது அந்த வரிசையில் நூற்று நாற்பது குழந்தைகள் இருந்தார்கள்.

டீச்சர் இரண்டு நாள் கோப்பை மேஜை மேலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அந்தத் தாய் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

முடிவு எடுக்கும் அதிகாரியைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று விதி. வாசலில் இருந்த காவலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் தண்ணீர் பிடிக்க வந்தபோது எழுந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. சலவைச் சோடாவில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அம்மா, நீங்கதான் டீச்சரா?"

"நீங்க இங்க வரக் கூடாதும்மா. அக்கா சொல்லலையா?"

"சொன்னாங்க. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன். எங்களை அந்த விசாரணைக்கு அனுப்பிடுங்க."

டீச்சர் ஒன்பது வருஷத்தில் கேட்காத வார்த்தை அது. அனுப்பாதீர்கள் என்று காலில் விழுந்தவர்கள் உண்டு. மண்ணை வாரித் தூற்றினவர்கள் உண்டு.

"விசாரணைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அங்க உத்தரவு போட்டா சின்னவளுக்குக் காப்பகத்துல இடம் குடுப்பாங்களாம். என்கூட வேலை செய்யற பொண்ணு சொன்னா."

"அதே உத்தரவுல ரெண்டு பேரையும் உங்ககிட்ட இருந்து எடுத்துடவும் முடியும். அதைச் சொன்னாங்களா?"

அவள் சின்னவளை இடுப்பு மாற்றிக்கொண்டாள். குழந்தை டீச்சரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எட்டி அதைப் பிடித்து இழுத்தது. தாய் சட்டென்று கையைப் பிடித்தாள்.

"ஏய், விடு. மன்னிச்சுக்கங்கம்மா, பளபளன்னு எதைப் பார்த்தாலும் கை போயிடும் இதுக்கு."

"பரவாயில்லை."

"நான் அடிக்கறதில்லை, குடிக்கறதில்லை. எதுக்கு எடுப்பாங்க?"

"எடுக்க மாட்டாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நீங்க எல்லாத்துக்கும் ஒத்துக்கறீங்க. ஒத்துக்கறவங்களை விசாரணைக்கு அனுப்பக் கூடாதும்மா. அது சட்டம்."

தாய் குழந்தையை மறுபடி இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நான் சண்டை போட்டிருக்கணுமா? அக்கா வந்தப்போ கதவைத் திறக்காம இருந்திருக்கணுமா?"

டீச்சர், "வேற வழி செய்யறேன். என்னை நம்புங்க" என்றாள். அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வேறு வழி என்று அவள் சொன்னதைச் செய்யாமலும் இல்லை. உதவிப் பணியாளர் பிரிவோடு மல்லுக்கட்டி ஒரு பெண்ணை வாங்கினாள். காப்பகத்தில் இடம் கிடைக்கிற வரைக்கும் அந்தப் பெண் வாரத்தில் ஐந்து நாளும் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை சின்னவளோடு இருப்பாள். சாயங்காலத்துக்கு அதே கட்டடத்தில் இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ் அவ்வப்போது எட்டிப்பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போய் அடுப்புக்குத் தடுப்பு வைத்தாள், ஜன்னல் கம்பிகளை இழுத்துப் பார்த்தாள், கத்தியை மேல் அலமாரிக்கு மாற்றினாள். எல்லாம் தாளில் ஏறியது.

திட்டத்தில் மூன்று நிபந்தனைகள் அச்சிலேயே இருக்கும். நாலாவதை டீச்சர் கையால் எழுதினாள்: மூத்த குழந்தை கடைசி மணி அடிக்கும்வரை வகுப்பில் இருக்க வேண்டும், பள்ளி இதை உறுதி செய்ய வேண்டும்.

அதை எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசி வகுப்பு கணக்கு. வகுத்தல் நடந்துகொண்டிருக்கும் வயசு. இதை விட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் தடுமாறுவாள். சின்னவளைப் பார்க்கத்தான் ஆள் போட்டாகிவிட்டதே. ஒரு மணி நேரமாவது அந்தக் குழந்தை குழந்தையாக இருக்கட்டும். அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாவது கேள்விக்கு எதிரே 'முடியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெரியவள் கணக்கில் பத்துக்கு ஏழு வாங்கினாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து காட்டி, "உங்க சிஷ்யைதான் போங்க" என்றாள். டீச்சர் சிரித்தாள்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை ஒரு மாற்றல் கடிதத்தின் நகல் வந்தது. உதவிப் பணியாளரை வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள், மாற்று ஆள் விரைவில் அனுப்பப்படும் என்று. அந்த 'விரைவில்' என்ற சொல்லை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். உடனே போனை எடுத்தாள்.

"திங்கட்கிழமை ஆள் வந்துடும் மேடம். கவலைப்படாதீங்க" என்றது அந்தப் பக்கம்.

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒரு நாள்தானே மேடம்."

அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த மாதம் விசாரணைக்குப் போன கோப்புகள் அதிகம் என்று மேலிடத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது.

"சார், இந்தத் திட்டம் நிக்காது போல இருக்கு. விசாரணைக்கு அனுப்பிடலாமா? காப்பகமாவது கிடைக்கும்."

"ஒரு நாள் இடைவெளிக்கு விசாரணையா டீச்சர்? குழு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். அந்த மூணு பிள்ளைங்க விஷயத்துல நீங்க எவ்வளவு நொந்து போனீங்கன்னு எனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை வரைக்கும் பாருங்க."

அந்த மூன்று பிள்ளைகளைச் சொன்னதும் அவளுக்கு அந்த மாதாந்திர அறிக்கைதான் ஞாபகம் வந்தது. சரி என்று வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அக்காவே போய்ச் சின்னவளோடு உட்கார்ந்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை ஆள் வரவில்லை. தாய் அன்றைக்கு விடுப்பு எடுத்தாள். செவ்வாய்க்கிழமையும் எடுத்தாள். மூன்றாம் நாளும் வராவிட்டால் வேலை இல்லை என்று சலவைப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் உதவி எண்ணுக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறாள். மூன்று முறையும் குறித்துக்கொண்டார்கள். அக்கா அன்று வேறொரு வழக்குக்காகக் கோர்ட்டில் இருந்தாள். டீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. அவளும், திங்கட்கிழமை ஆள் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கேட்கவில்லை. தலைக்கு மேல் வேலை. அதுதான் உண்மை, அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒன்றரைக்குத் தாய் சின்னவளைத் தூங்கவைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள். சின்னவள் எப்போது எழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. குளியலறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. அடுப்பைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், கத்தியைப் பார்த்தார்கள். பக்கெட்டை யாரும் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு மணி அடித்தது. பதினைந்து நிமிஷத்தில் பெரியவள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள்.

மூன்று மணி வாக்கில் உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதினார்.

டீச்சருக்குச் செய்தி நாலரைக்கு வந்தது. போனை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டரைக்கு ஓடிவந்திருந்தால், இரண்டே முக்காலுக்குள் வீடு. மூன்று மணி வாக்கில் என்றால், கால் மணி நேரம் முன்னதாக. திரும்பத் திரும்ப அதே கழித்தல். விடை மாறவே இல்லை.

இப்போது விசாரணைக்குத் தடை எதுவும் இல்லை. பெரியவளின் படிவத்தில் மூன்றாவது கேள்விக்கு 'முடியாது' என்று எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்தாம் நாள் குழு கூடியது.

விசாரணை அறையில் வட்ட மேஜை போட்டிருப்பார்கள், குழந்தைகள் பயப்படக் கூடாது என்று. ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர், பேப்பர், பேனா விற்கிற கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், இளம் வக்கீல் ஒருவர், இவர்கள்தான் குழு. தாய் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பெரியவள் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, மடிப்புக் கலையாமல்.

டீச்சர் காரணங்களைப் படித்தாள்.  படித்து முடித்ததும் கடைக்கார அம்மா பெரியவளைப் பார்த்துக் குனிந்து கேட்டார்:

"கண்ணு, நீ ஏதாவது சொல்லணுமா? எது வேணும்னாலும் சொல்லலாம்."

பெரியவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கடைசி பீரியட் இருந்தேன்."

"சரி."

"முன்னாடியெல்லாம் ஓடிடுவேன். அப்புறம் மிஸ் கதவுகிட்ட நின்னுப்பாங்க. ஓடக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதியிருக்காம். மிஸ் காட்டினாங்க. அதனால இருந்தேன்."

 டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை எழுதினது நான்தான்" என்றாள் டீச்சர்.

இளம் வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் அன்றைக்குத் தலைவர். "மேடம், இப்ப நம்ம முன்னாடி இருக்கற விஷயம் இந்தக் குழந்தையோட எதிர்காலம் மட்டும்தான். மத்ததுக்கு வேற இடம் இருக்கு."

குழந்தை டீச்சரைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பெரியவளை விடுதியில் வைக்க உத்தரவானது. தாய் எதிர்க்கவில்லை. சம்மதமா என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறந்தாள். "என் சம்மதத்தைக் கேக்காதீங்க" என்றாள்.

மற்றதற்கு வேறு இடம் இருக்கிறது என்று வக்கீல் சொன்னாரே, அந்த இடமும் வந்தது. உள் விசாரணை. வெளியூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து எல்லாத் தாள்களையும் பார்த்தார்கள். டீச்சர் அவர்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நாலாவது நிபந்தனையைத் தானே கையால் எழுதியதைச் சொன்னாள். திங்கட்கிழமை போன் செய்து கேட்காததைச் சொன்னாள். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது: விதிமுறைகள் பின்பற்றப்பட்டுள்ளன; தனிப்பட்ட தவறு எதுவும் காணப்படவில்லை; வீடுகளைப் பார்வையிடும் படிவத்தில் தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

மேலாளர் அதைக் கொடுத்துவிட்டு, "பெரிய கண்டம் தாண்டிட்டோம் டீச்சர்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். எங்கேயாவது ஒரு மூலையில் தன்மேல் குற்றம் சொல்லியிருப்பார்கள் என்று தேடினாள். இல்லை.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதிகம் பேசாதவர். அவள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்த ஒரு நாள் அவராகவே பேச்செடுத்தார்.

"எங்க வேலையில ஒரு வசதி இருக்கு. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிடுவோம். திட்டுவாங்க, மாடி ஏறுவாங்க, அவ்வளவுதான். உனக்கு அப்படி நிறுத்தி வைக்க இடமே இல்லையே."

"நிறுத்தினாலும் குழந்தை வளர்ந்துக்கிட்டேதானே இருக்கும்" என்றாள் அவள். 

வேலையை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதினாள். கொடுக்கவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தாள். அந்த மாதத்திலிருந்து மூன்றாவது கேள்விக்கு எல்லாக் கோப்பிலும் 'முடியாது' என்று எழுத ஆரம்பித்தாள். சந்தேகமே வேண்டாம், எல்லாம் விசாரணைக்குப் போகட்டும். மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள்.

"டீச்சர், அந்தத் தாத்தா பேரனை நல்லாத்தான் வச்சிருக்கார். கண்ணு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஏன் அனுப்பறீங்க?"

"எனக்குத் தெரியலைக்கா. நல்லா வச்சிருக்காரான்னு எனக்குத் தெரியலை."

மூன்று மாதத்தில் பத்தொன்பது குழந்தைகளை அனுப்பினாள். ஏழு பேரை வீட்டிலிருந்து எடுத்தார்கள். அந்தத் தாத்தாவின் பேரனும் அதில் ஒருவன். ஐந்தாம் வாரம் தாத்தா இறந்துபோனார். பையனைக் கடைசியாக முகம் பார்க்க அழைத்துவர அனுமதி வாங்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த அக்கா ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனாள்.

அன்றைக்குப் புரிந்தது டீச்சருக்கு. தன் கையில் இப்போது அளக்கிற கோல் எதுவும் இல்லை. முன்பாவது தப்பாக அளந்தாள். இப்போது அளப்பதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் பெரியவள் இருக்கும் விடுதிக்குப் போனாள். வேலையாகப் போகவில்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. பார்வையாளர் அறையில் நீளமான பெஞ்சில் தாய் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, அதற்குள் தேய்த்து மடித்த துணிகள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும்தான் பார்க்க விடுவாங்க" என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வரேன். அவ கீழ இறங்க மாட்டேங்கறா."

"உங்க மேல கோபமா?"

"கோபம்னா பரவாயில்லையே."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரிலிருந்து கிளம்பும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொன்னாள். "அந்த நாலாவது நிபந்தனை நான் எழுதினதும்மா. அச்சுல வர்றது இல்லை. என் கையால எழுதினது."

"தெரியும். படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்." தாய் பையின் வாயை மடக்கினாள், பிரித்தாள். "அன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என் பொண்ணு படிப்பைப் பத்தி ஒருத்தங்க யோசிக்கறாங்களேன்னு."

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். டீச்சர் அதற்குத்தான் வந்திருந்தாள்.

விடுதிக் காப்பாளர் வந்து, இன்றைக்கும் வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னார். டீச்சர் எழுந்து தன் அடையாள அட்டையைக் காட்டி மாடிக்குப் போனாள். வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் பெரியவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் உயரமாகிவிட்டாள். கையில் இருந்த தழும்பு மங்கியிருந்தது.

"அம்மா வந்திருக்காங்க" என்றாள் டீச்சர்.

பெரியவள் திரும்பவில்லை.

"உன்மேல எந்தத் தப்பும் இல்லைம்மா. ஓடக் கூடாதுன்னு எழுதினது நான். நீ நான் சொன்னதைத்தான் கேட்டே."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. வகுப்பில் புரியாத கணக்கைக் கேட்கிற முகம். அந்த முகத்தை டீச்சருக்கு நன்றாகத் தெரியும், பதினோரு வருஷம் பார்த்த முகம்.

"பேப்பர்ல எழுதியிருந்தாலும் நான் ஓடியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். "மிஸ் கதவுகிட்டதானே நின்னாங்க. ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு."

  குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கீழே வந்தபோது தாய் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொல்றா?"

"தூங்கறா" என்றாள் டீச்சர்.

"பகல்ல தூங்க மாட்டாளே அவ."

 தாய் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். பிறகு துணிப் பையைக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருவேன் என்று சொல்லச் சொன்னாள். மூன்று மணி ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரே பேருந்தில்தான் திரும்ப வேண்டியிருந்தது. நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.